பன்னிரண்டாவது படம்

ஆவணி 2, திங்கள்

இன்று காலை சபைத் தலைவி வழியம்மா தன் கையாலேயே இந்த ஏட்டைக் கொடுத்தார்கள். கோடு போட்ட நூற்றிருபது பக்கம், அட்டையில் ஏழு பொறிகள். எனக்கு இது இரண்டாவது திரும்பல் ஏடு. இரண்டு ஏடு வாங்கிய தாய் சபையில் இதுவரை யாருமில்லை என்று சொல்லி என் தலையில் கை வைத்தார்கள். நான் அழுதேன். "சந்தோஷத்துல அழுவுறா" என்று அவர்களே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார்கள். என் வேலை மிச்சம்.

முறைப்படி எழுத வேண்டியவை: தாய் நிறைமதி, ஆதிச்சுடர் சபைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. தந்தை சோதிவாணன், சபைத் தச்சுக்கூடம். பிள்ளை பொன்னொளி, இரண்டு வயது நான்கு மாதம். மூத்தவள் வெண்ணிலா, நான்கரை வயதில் சுடருக்குத் திரும்பினாள். செத்தாள் என்று எழுதக் கூடாது. முதல் பக்கத்திலேயே விதியாக அச்சிட்டிருக்கிறார்கள்.

கண்ட அறிகுறிகள்: உள்ளங்கை வெண்மை. உதடு வெண்மை. வெயிலில் நிறுத்தினால் காது மடல் ஊடாக வெளிச்சம் தெரிகிறது.

ஆவணி 4, புதன்

இரண்டு கரண்டிக் கஞ்சி. படி ஏறவில்லை. தூக்கச் சொன்னாள்.

ஆவணி 6, வெள்ளி

பொன்னொளியைச் சுடருக்கு முன்னால் பலகையில் உட்கார வைத்தார்கள். பட்டுப்பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தி நிறுத்தினேன். மண்டபச் சுவரில் திரும்பிய பிள்ளைகளின் படங்கள் பதினொன்று. ஒன்பதாவது வெண்ணிலா. இரண்டு வரிசையாக மாட்டி, கீழ் வரிசைக் கடைசியில் ஒரு ஆணி மட்டும் வெறுமனே அடித்து வைத்திருக்கிறார்கள். யாருக்கு அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை.

வழியம்மா குழந்தையின் நெற்றியைத் தடவிப் பார்த்தார்கள். நெற்றி முன்னுக்கு வந்திருக்கிறது, கன்ன எலும்பும் மேடு கட்டியிருக்கிறது. "மொதல் மொகம் வந்துடுச்சு" என்றதும் கூட்டம் முழுக்கக் கும்பிட்டது. என் நாத்தனார் சுடர்விழி அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மகன் ஆதவன் மடியில் தூங்கி வழிந்தான். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சாதாரணமாக அவர் கூனிக் கூனித்தான் நடப்பார்.

பொன்னொளி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஊட்டுக்குப் போலாம்மா."

ஆவணி 9, திங்கள்

ஒன்றாம் வகுப்பில் பிறப்புக் கதை எடுத்தேன். ஆறு வருடமாக எடுக்கிறேன், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆதியில் ஒரு சுடர் இருந்தது. அதிலிருந்து ஏழு பொறிகள் மலையுச்சியில் விழுந்தன. பொறிகள் மனிதர்களாயின. அவர்கள் விளக்கின் நிறம். அவர்களுக்கு நிழல் விழாது. பொறாமைக்காரன் ஒருவன் அடியில் கிடந்த சாம்பலை எச்சில் விட்டுப் பிசைந்து மற்றவர்களைச் செய்தான். முதல் மனிதர்கள் மயங்கிப்போய்ச் சாம்பல் வழியில் பெண் எடுத்தார்கள், கறுத்தார்கள். அதனால்தான் நாம் நமக்குள்ளேயே கொடுத்து எடுத்து, தலைமுறை தலைமுறையாகச் சாம்பலைச் சலித்துக்கொண்டிருக்கிறோம். சலித்து முடிகிற இடத்தில் முதல் மனிதர்கள் பிள்ளைகளாக வருவார்கள். வந்தாலும் தங்க மாட்டார்கள்.

கரும்பலகையில் சாம்பல் மனிதனை வரைவதுதான் எனக்கு எப்போதும் தகராறு. பலகையே கறுப்பு. சாக்பீஸால் வரைந்தால் அவனும் வெள்ளையாகத்தான் வருகிறான்.

"டீச்சர், நம்ம பால்காரரும் சாம்பலா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா."

"அப்ப பாலு?"

"பாலு மாட்டோடது. மாட்டுக்கு வழி கெடையாது. வாய மூடிட்டு எழுது."

ஆவணி 11, புதன்

சுகாதார நர்ஸ் ரெஜினா வாசல் கேட்டுக்கு வந்தார். ஆறு மாதத்துக்கொருமுறை கண்ணுக்கு வைட்டமின் சொட்டு கொடுப்பார். கண்ணுக்கு என்பதால் சபையில் அனுமதி உண்டு. ஊசிக்கு அனுமதி உண்டு, மாத்திரைக்கு உண்டு. ரத்தம் ஏற்றுவதற்குத்தான் கிடையாது, சாம்பல் உள்ளே வந்துவிடும். திரும்பும் பிள்ளைகளுக்கு எதுவுமே கிடையாது.

நான் வரிசையில் நின்றிருக்கக் கூடாது. சொட்டுதானே என்று நின்றுவிட்டேன். அவர் சொட்டை விட்டுவிட்டுப் பொன்னொளியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரத்தமே இல்லியேம்மா. சுண்ணாம்பு மாரி இருக்கு. இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

"இது அது இல்லீங்க."

"எது இல்ல? ஏம்மா, நீதான அந்த..." என்று பழைய கதை ஒன்றை ஆரம்பித்தார். அது இங்கே எழுதத் தேவையில்லை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆவணி 12, வியாழன்

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்றால் பக்க எண் போட்டிருக்கிறது. ஏட்டை ஒப்படைக்கும்போது எண்ணுவார்கள்.

அறிகுறி: வயிறு மேடு கட்டுகிறது. இடது பக்கம் கல்லாக இருக்கிறது. சபையில் இதைச் சுடர்க்குடம் என்போம்.

ஆவணி 15, ஞாயிறு

ஆதவனுக்கும் ஏடு கொடுத்துவிட்டார்கள். நான்கு வயதுவரை லேசான வெளுப்போடு ஓடிக்கொண்டிருந்தவன், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஒரேயடியாக வெளுத்துவிட்டான். அண்ணி ஏட்டை முந்தானையில் மூடிக்கொண்டு வந்தாள்.

"எப்புடி மதி எழுதணும்? எனக்கு உன்ன மாரி வராது. நீ டீச்சரு."

"பாக்குறத எழுதுங்க அண்ணி."

"அழுவ வருதே."

"சந்தோஷத்துலதான வருது?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேனோ. அவள் முகம் செத்துப்போய்விட்டது. கையில் இருந்த முறுக்கைப் பொன்னொளிக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆவணி 20, வெள்ளி

இன்றைய வாசிப்புக்கு வெண்ணிலாவின் ஏட்டை எடுத்தார்கள். திரும்பிய பிள்ளைகளின் ஏடுகள்தான் எங்களுக்கு வேதம். வெள்ளிதோறும் ஏதாவது ஒன்றிலிருந்து படிப்பார்கள். என் எழுத்தை வழியம்மா ராகம் போட்டுப் படித்தார்கள்.

"இன்று படி ஏறவில்லை. தூக்கச் சொன்னாள்."

"சுடர்க்குடம் நிறைகிறது."

"படுத்தால் இருமுகிறாள். உட்கார்ந்தே தூங்குகிறாள். சுடர் மேல்நோக்கியே நிற்கும்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பொன்னொளி போன செவ்வாயிலிருந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். அதை நான் இதில் எழுதவில்லை. எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடும் போல.

அடுத்தடுத்த வரிகளும் எனக்குத் தெரியும். நான் எழுதியவைதானே. அந்த வரியிலிருந்து கடைசிப் பக்கத்துக்கு ஐந்து வாரம். "அன்று அவள் மூச்சு வெளிச்சமாக மாறியது" என்று முடியும். கூட்டம் முழுக்கச் சேர்ந்து அந்த வரியைத் திருப்பிச் சொல்லும். எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆவணி 21, சனி

அவரிடம் கேட்டுவிட்டேன். தச்சுக்கூடத்தில் அவர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார்.

"ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமா?"

"என்னாத்துக்கு?"

"ஒரு புள்ளையாவது இருக்கட்டுமேங்க."

இழைப்புளியைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இது பொய்யின்னா, வெண்ணிலா எதுக்குச் செத்தா? சொல்லு. எதுக்குச் செத்தா?"

எட்டு வருடக் கல்யாணத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை இன்றுதான் கேட்டேன். சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவலைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதுகூடப் பொய்.

ஆவணி 24, செவ்வாய்

இருமல். கஞ்சி இல்லை. தண்ணீர் நான்கு மடக்கு. கழுத்தில் நரம்பு துடிப்பது எதிர்த் திண்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிகிறது.

இந்த ஏட்டை நான் ஒப்படைக்கப் போவதில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இனி ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிற தேதியையே போட்டுக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை சாக்பீஸ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பத்தேகால் பஸ் ஏறினேன். குழந்தையை ஏன் தூக்கிக்கொண்டு போகிறாய் என்று கேட்டில் கேட்டார்கள். அழுகிறாள் என்றேன். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை, தோளில் துணி போலக் கிடந்தாள். அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், "கொழந்த என்னா கலரு! வெள்ளக்காரி மாரி இருக்கா" என்றாள். சபைக்குள்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகள் டாக்டர் பெயர் ஹசீனா. குழந்தையைப் பார்த்த மறுநிமிடம் சீட்டு கீட்டு எதுவும் கேட்கவில்லை, உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தம் பதினொன்று பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளி இரண்டு இருக்கிறதாம். இதயம் திணறுகிறதாம்.

"ரத்தம் ஏத்தணும். கையெழுத்துப் போடுங்க."

"என் ரத்தத்த எடுத்துக்குங்க" என்றேன். அதுவாவது நம் வழி என்று நினைத்தேன். சோதித்துவிட்டு எனக்கே போதாது என்றார்கள்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. படித்தவள், ஆசிரியை, பெற்றவள். ஆனாலும் நின்றேன். பொறாமைக்காரன் சாம்பலைப் பிசைகிற படம் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. ஆறு வருடம் அதைப் பலகையில் வரைந்தது நான்தான். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவ இருக்கணுமா, வேணாமா?"

போட்டேன்.

பையில் ஒரு எண், ஒரு தேதி, பி பாசிட்டிவ் என்று மட்டும் இருந்தது. கொடுத்தவர் எந்த வழி என்று எங்கேயும் எழுதவில்லை. முதல் சொட்டு இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். இதயம் தாங்காது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுகிறார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டாவது பை. படுத்துத் தூங்கினாள். மல்லாக்கப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும், "அம்மா, முட்ட" என்றாள். பக்கத்துப் படுக்கைக்காரி தன் டிபன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் கருவை முகமெல்லாம் அப்பிக்கொண்டு தின்றாள். உதட்டில் நிறம் வந்திருக்கிறது. நகத்தில் வந்திருக்கிறது. என் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள், கறுப்பாக, அழகாக.

செப்டம்பர் 13, சனி

டாக்டர் ஹசீனா உட்கார வைத்துச் சொன்னார். தலசீமியா என்று பெயராம். ரத்தம் உடம்பில் சரியாக உருவாகாது. பாதிக் குறை அம்மாவிடம், பாதிக் குறை அப்பாவிடம். இரண்டும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால் இப்படி.

"சொந்தத்துல கட்டுனீங்களா?"

"அத்த மவன். எங்க சபையில எல்லாருமே எல்லாருக்கும் சொந்தந்தான். அறுபது குடும்பம். மூணு தலமொறையா வெளிய கொடுக்கல், எடுக்கல்."

"நெத்தி ஏன் இப்பிடித் தள்ளிட்டு இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

சொன்னார்கள் என்றேன். முதல் முகம் என்று சொன்னார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. எலும்புக்குள் ரத்தம் ஊற முயன்று முயன்று எலும்பே பருத்துவிடும் என்றார். வயிற்றில் கல்லாக இருப்பது மண்ணீரல். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தால் பள்ளிக்கூடம் போவாள், பெரியவளாவாள்.

"ஏத்தலன்னா?"

"நாலு வயசு, அஞ்சு வயசு. இந்த மாதிரி வேற புள்ளைங்க இருக்காங்களா உங்ககிட்ட?"

"பதினோரு படம் இருக்கு" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இதைப் படிக்க இனி வழியம்மா வரப்போவதில்லை.

நர்ஸ் ரெஜினா ஆரம்பித்த பழைய கதை இதுதான். வெண்ணிலாவுக்கு மூன்றரை வயதில் அதே கேட்டில், அதே போல அவள் இமையை இழுத்துப் பார்த்தார். பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். என் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சீட்டை நான்காகக் கிழித்து, "எங்க புள்ளைய ஒங்க சாம்பக் கையால தொடாதீங்க" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று மாலை வழியம்மா எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அவள் மூச்சு வெளிச்சமாக மாறவில்லை. "அம்மா, மூச்சு வரல" என்றாள். மூன்று தடவை சொன்னாள். நான் விளக்கைப் பார் கண்ணு என்று அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன். என்னைப் பார்க்க வந்த முகத்தை.

நான்தான் கொன்றேன். யார் என்ன சமாதானம் சொன்னாலும் இதை அழிக்க மாட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

அவர் வந்தார். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார். யாரும் சொல்வதற்கு முன்னால் பொன்னொளி பார்த்துவிட்டாள். "அப்பா!" என்று கட்டிலிலிருந்து இறங்கி ஓடினாள். ஓடினாள். நான்கு கட்டில் தூரம், கையில் ஊசிக் கட்டோடு.

தூக்கிவிட்டார். பிறகுதான் நினைவு வந்தவரைப் போல அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"யாரோட ரத்தம்?"

"தெரியல."

"எந்த ஊரு, எந்த வழி, ஒண்ணுமா தெரியல?"

"தெரியலங்க. யாரோ குடுத்தாங்க. நம்மள யாருன்னு அவங்களும் கேக்கல."

வெண்ணிலாவைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். காதைப் பொத்திக்கொண்டார். பெரிய மனுஷன், வார்டுக்கு நடுவில், இரண்டு கையாலும். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் குழந்தை கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அதைவிட அதிகமாகப் பாவமாக வருகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

பொன்னொளிக்கு நடுவில் வந்த சளிக் காய்ச்சல் விட்டது. ஞாயிறன்று அனுப்பிவிடுவார்கள். எங்கே போவது? ரெஜினா தன் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது என்றார். அந்த அம்மாள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. "அப்பறமா அழுவலாம், மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கவுன் எடு" என்கிறார்.

செப்டம்பர் 20, சனி

காலையில் பொன்னொளியை வராந்தாவில் நடக்க விட்டுக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் சுடர்விழி அண்ணி வந்துகொண்டிருந்தாள், ஆதவனைத் தோளில் போட்டுக்கொண்டு. காலில் செருப்பில்லை. எங்களைப் பார்த்ததும் அப்படியே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. பொன்னொளியைப் பார்த்தாள்.

"நேத்து படம் மாட்டிட்டாங்க மதி."

"யார் படம்?"

"இவ படந்தான். பன்னண்டாவதா. ஆஸ்பத்திரி வாசல்லயே திரும்பிட்டான்னு வழியம்மா சொன்னாங்க. எல்லாரும் அழுதோம். தம்பிதான் வெளக்கு ஏத்துனான்."

ஐந்து நாளைக்கு முன்னால் வாழைப்பழம் உரித்துக் கொடுத்த கை. பொன்னொளி அண்ணியின் புடவையைப் பிடித்து இழுத்து, "அத்த, முறுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியும் அண்ணி. அவரு வந்து இவளத் தூக்குனாரு."

"தெரியும். வெளக்கு ஏத்திட்டு எம்பக்கத்துல வந்து ஒக்காந்தான். எல்லாரும் ஒன் ஏட்டு வரியச் சொல்லிட்டு இருந்தாங்க, அந்தச் சத்தத்துல எங்காதுல சொன்னான். 'அவ ஓடியாந்தா அக்கா. ஓடியாந்து என்னக் கட்டிக்கிட்டா. நீ ஆதவனத் தூக்கிட்டுப் போயிடு.' அவ்ளோதான் சொன்னான். மறுபடி மண்டபத்துல போயி மொத வரிசையில நின்னுக்கிட்டான்."

"அவரு வரலயா?"

அண்ணி தலையசைத்தாள். அவரால் வர முடியாது. வந்தால் வெண்ணிலா செத்தவள் ஆகிவிடுவாள். அங்கே நிற்கிறவரைக்கும் அவள் திரும்பியவள். எனக்கு அது புரிகிறது.

நடந்ததையெல்லாம் சொன்னேன். குறை ரத்தம், பாதி அம்மா, பாதி அப்பா, எலும்பு, மண்ணீரல். அண்ணி கேட்டுக்கொண்டே வந்தாள். நான் நிறுத்தியதும் கேட்டாள்.

"அப்ப அந்தப் பொறி, மல, சாம்பலு... எல்லாம் இல்லன்னா, நாம யாரு மதி?"

ஆறு வருடம் பாடம் எடுத்தவள் நான்.

"தெரியல அண்ணி. அவனக் குடுங்க எங்கிட்ட. மூச்சு வாங்குது பாருங்க, நடங்க."

ஆதவன் ஒன்றுமில்லாத கனம் கனத்தான். நெஞ்சுக்கூடு என் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. பொன்னொளி அண்ணியின் விரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவசரப் பிரிவு மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "கொழந்தைக்கு என்ன?" என்றார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சாவப் பாக்குதுங்க" என்றாள். "எம்புள்ள சாவப் பாக்குதுங்க. யாரு ரத்தமா இருந்தாலும் ஏத்துங்க."

பெயர் கேட்டார்கள். ஆதவன், நான்கு வயது என்று நான் சொன்னேன்.